வரைபடத்தில் இல்லாத சந்து

மருந்துக் கடைக்கும் பூட்டிய அச்சகத்துக்கும் நடுவே இருந்தது அந்தச் சந்து. தினமும் ஆயிரம் பேர் கடக்கும் சாலைதான். ஆனாலும் எந்த வரைபடத்திலும் அந்தச் சந்து இல்லை. தெருக்களை நடந்தே அளப்பதுதான் அவள் பிழைப்பு. மதியம் மூன்று மணிக்கு அவளை அங்கே கூட்டிவந்தவர் அவளோடு அளக்கும் கூட்டாளி. கூடப் பிறக்காத குறையாக, ஒன்பது வருடமாக அவள் ‘அண்ணா’ என்று அழைக்கும் மனிதர். அவர் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் அவர் பங்குத் தெருக்களையும் இவளே நடந்து முடித்திருக்கிறாள்.

“நீ உள்ள போம்மா. நான் முனையில நிக்கிறேன்” என்று அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. வெயில் படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அளப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாடா விறைப்பாக இருக்கும்வரை திரும்பிப் பார்க்கமாட்டார்கள். விறைப்பு இருந்தால் மறுமுனையில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். நனைந்த துணியை நாள்கணக்கில் பூட்டிவைத்தது போன்ற வாடை. நாலு எட்டு வைப்பதற்குள் சாலையின் இரைச்சல் அடங்கிப்போனது. நாடா மட்டும் விறைப்பாகவே இருந்தது. பாவி, அதை நம்பி நடந்தாள்.

ஐந்தாவது கதவுக்குப் பின்னால் ஒரு கிசுகிசுப்பு.

“உங்களையும் அவர்தான் அனுப்பினாரா?”

தெரிந்த குரல். போன வருடம் வேலையை உதறிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டதாக அண்ணா சொன்ன, அவர்கள் அலுவலக வரைபடக்காரரின் குரல்.

“சார்... நீங்களா?”

“அவரும் இங்க மாட்டினவர்தாம்மா. வருஷத்துக்கு ஒரு ஆளை அனுப்புறேன்னு வாக்கு குடுத்துட்டுத்தான் வெளிய போனார்.”

அவள் திரும்பினாள்.

நாடா சந்தின் முனைவரை போகவே இல்லை.

முதல் கதவின் இடுக்கில் நுழைந்திருந்தது. உள்ளேயிருந்து எதுவோ அதை இழுத்துப் பிடித்திருந்தது.

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். முனை தெரிந்தது, வெயில் தெரிந்தது, அண்ணாவும் தெரிந்தார். எவ்வளவு ஓடியும் அந்தக் கடைசிப் பத்தடி குறையவே இல்லை.

“அண்ணா! கையைக் குடுங்க!”

அவர் நேராக அவளைப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு கைபேசியில் மேலதிகாரியிடம் பேசினார்.

“அவளா? அப்பவே கெளம்பிட்டா சார். எங்க போனான்னு எனக்கு என்ன தெரியும்?”

பயத்தைவிட அந்தப் பொய்தான் அவளை அறுத்தது. கூடவே இருந்து குழி பறித்தவனையா அண்ணா என்று கூப்பிட்டோம்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் கூட்டத்தில் கலந்து போனார்.

பக்கத்துக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே ஆள் தெரியவில்லை. இருட்டுக்குள் ஒரு நாற்காலியைத் தரையில் இழுத்து, அவளுக்காகத் திருப்பிப் போடும் சத்தம் மட்டும் கேட்டது.