கத்தாத முகரி

மூன்றாவது இழுப்பில்தான் அப்பாவின் தலை சாக்கடைக் குழிக்கு மேலே வந்தது. உதடு நீலம். கூட வேலை செய்யும் டில்லிபாபு மாமா, "கன்னியப்பா, மூச்சு விடுடா!" என்று நெஞ்சில் குத்தினார். வாயு இருந்தால் கத்தவேண்டிய வெப்பமுகரி மட்டும் அப்பாவின் காலரில் சும்மாவே இருந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

முகரி சட்டைப் பொத்தான் அளவுதான். அதன் ஒரு முனையில் பிளாட்டினப் பூச்சு. சாக்கடையில் தேங்குவதுபோல எரியும் வாயு எது பட்டாலும் அந்த முனை சூடாகும், மறுமுனை குளிர்ந்தே இருக்கும். அந்தச் சூட்டு வித்தியாசமே மின்சாரமாகி முகரியைக் கத்தவைக்கும். பேட்டரி கிடையாது, அதனால் சாகாது என்றார்கள். மனிதன் சாக்கடையில் இறங்கக் கூடாது என்ற சட்டத்தையும் திருத்திவிட்டார்கள்: முகரி கத்தாவிட்டால் இறங்கலாம். தூர்வாரும் இயந்திரங்கள் டிப்போவில் துருப்பிடிக்கின்றன.

அப்பா இறங்கும்முன் தயங்கினார். "மூடியத் தொறந்தா கரப்பான் ஓடணும். ஒண்ணுகூட வரல மேஸ்திரி, உள்ள வாயு இருக்கும்போல."

"முகரியே சும்மா இருக்கு. நீ கரப்பான நம்புறியா?" என்று மேஸ்திரி சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டு இறங்கினார்.

இப்போது தீவிரச் சிகிச்சையில் இருக்கிறார். இன்னும் கண் திறக்கவில்லை. அவருடைய சட்டையை என்னிடம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், டில்லிபாபு மாமாவின் லைட்டரைப் பற்றவைக்காமல் வாயுவை மட்டும் திறந்து காலரில் பிடித்தேன். அதுவும் எரியும் வாயுதான். முகரி கத்தவில்லை.

அப்புறம்தான் முகரியின் கையேட்டைப் போனில் தேடிப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: சிலிக்கோன் படக்கூடாது. பட்டால் பூச்சு செயலிழக்கும்.

முந்தாநாள் டிப்போவில் ஆயுதபூஜை. கடப்பாரை, வாளி, கயிறு எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தார்கள். முகரிகளைத் துடைக்கும் வேலை எனக்கு. பளபளக்கட்டுமே என்று பைக் பாலிஷ் ஸ்பிரே அடித்துத் துடைத்து, சந்தனம் வைத்தேன். "உன் கை ராசியான கை பாப்பா" என்றார் அப்பா. அந்த டப்பாவில் சிலிக்கோன் என்று பெரிதாகவே எழுதியிருந்தது.

அப்பாவுடையது போக இன்னும் நாற்பது முகரிகள். பூஜை லீவு முடிந்து இன்று காலை ஆறு மணிக்கு எல்லாரும் இறங்குவார்கள்.

மேஸ்திரிக்கு போன் செய்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். லைட்டர் விஷயத்தையும் சொன்னேன்.

"லைட்டர் காத்துக்கெல்லாம் அது கத்தாதும்மா. அப்பாக்கு நெஞ்சுவலியா இருக்கும், வாயு இருந்தா முகரி சொல்லியிருக்கும்ல? இரு, பாத்துட்டு வரேன்."

அவர் டிப்போவில் முகரி அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன்.

"நாப்பதையும் பாத்துட்டேன் பாப்பா. ஒண்ணுகூடக் கத்தல. எல்லாம் நல்லா இருக்கு. நீ பயப்படாம தூங்கு."

இப்போது விடிகாலை மணி நாலரை. லைட்டரை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்புகிறேன். எல்லார் முன்னாலும் ஒவ்வொரு முகரியாகப் பிடித்துக் காட்டுவேன். நாற்பதும் கத்தாமல் இருந்தால், அவர்கள் பயப்படுவார்களா, நிம்மதியாக இறங்குவார்களா?