சாக்கு எடை கழிக்காமல்

சாம்பல் புதன் அன்று புதுக்கோட்டையில் மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பெய்தது. பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்த ஷெரின் டீச்சர், தவக்காலம் தொடங்குவதற்காகக் காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் பூசிய சாம்பல் மூக்குக்கு இறங்குவதற்குள் ஓடிப்போய் ஒரு கடலை மண்டிக்குள் ஒதுங்கினாள்.

உள்ளே ஆளைக் காணோம். சுவரோரம் மூட்டைகள். நடுவில், சிவப்பு எழுத்தில் 0.00 காட்டிக்கொண்டு ஒரு எலக்ட்ரானிக் தராசு.

ஷெரினுக்கு நெஞ்சு படபடத்தது... இந்த மாதிரிக் கதைகளில் பெண்களுக்கு ஆணைப் பார்த்துத்தான் படபடக்கும். இவளுக்குத் தராசைப் பார்த்து.

காரணம் இருந்தது. போன வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார்: "சர்க்கரை எல்லையில நிக்குதும்மா. இருபத்தாறு வயசுல மாத்திரை வேணுமா, இல்ல அஞ்சு கிலோ குறைக்கிறீங்களா? ஈஸ்டருக்கு முன்னாடி வந்து காட்டுங்க." அம்மா அருளம்மாள் தினமும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள் ஷெரின். அந்தச் சுவருக்கு முன்னால் தானும் போய் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இதற்கு முன்பும் குறைக்க ஆரம்பித்திருக்கிறாள். என்றைக்கெல்லாம் முள் கொஞ்சம் மேலே போனதோ, அன்றைக்கே எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுப் புரோட்டாக் கடைக்குப் போயிருக்கிறாள். வீட்டு மிஷின் வேறு ஹாலில் ஒரு எடை காட்டும், அடுப்படியில் ஒரு எடை காட்டும்.

இதுவோ அரசாங்க முத்திரை போட்ட தராசு. ஷெரின் சுற்றும் முற்றும் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். கைப்பையை வைத்தாள். யோசித்து, தலை கிளிப்பையும் எடுத்து வைத்தாள். ஏறினாள்.

78.60.

"ஏய் ஜெரோமு!" எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "எந்த ஊரு மூட்டைப்பா அது? எழுவத்தெட்டு அறநூறு! நல்லா வெளஞ்சிருக்கே!"

திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலுக்கு மேலே, தெருவைப் பார்த்தபடி இன்னொரு போர்டு. எடையில் ஏமாற்றவில்லை என்று விவசாயிகள் தெரிந்துகொள்வதற்காக வைத்தது. அதிலும் 78.60... சிவப்பாக, பெரிதாக, ஊருக்கே.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒருவன் சல்லடையோடு எழுந்தான். புருவமெல்லாம் கடலைத் தூசி. அந்தத் தூசிக்கு நடுவே இரண்டு கண்கள், சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டு...

"ராக்கண்ணே, சும்மா இருங்க!" என்று தெருவைப் பார்த்துக் கத்திவிட்டு அவளிடம் பணிவாகச் சொன்னான். "தப்பா நெனைக்காதீங்க. சாக்கு கழிச்சா எழுவத்தேழு அறநூறுதான் வரும்."

"என்னது?"

"இல்ல... பழக்கத்துல வந்திருச்சுங்க. மூட்டைக்கு ஒரு கிலோ சாக்குன்னு கழிச்சிருவோம்."

"அப்ப நான் மூட்டையாங்க?"

"ஐயோ, அப்படிச் சொல்லலைங்க..."

மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று அவள் இறங்கிப் போய்விட்டாள். தலை கிளிப் மட்டும் மண்டியிலேயே கிடந்தது.

கிளிப்பை வாங்கத்தான் மறுபடி வந்தாள் என்று அவள் சொல்லிக்கொண்டாள். வந்தபோது தெருப் பக்கத்துப் போர்டின் மேல் ஒரு சாக்கு தொங்கியது.

"அணைக்க முடியாதுங்க, ரெண்டுக்கும் ஒரே வயரு," என்றான் ஜெரோம். "அதான் முக்காடு போட்டு விட்டேன். இனிமே தைரியமா ஏறலாம்."

ஏறினாள். அப்புறம் பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் ஏறினாள். அந்தத் தராசு அவளைப் படுத்திய பாட்டை எந்தக் காதலனும் எவளையும் படுத்தியிருக்க மாட்டான். வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம் இருந்தால் சனிக்கிழமை இறங்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கருவாட்டுக் குழம்பு, திங்கட்கிழமை ஏறும். வகுப்பில் பாடம் நடத்தும்போதும் அதே நினைப்பு. உட்கார்ந்தால் ஓடலாமா என்று இருக்கும், ஓடினால் எடை பார்க்கலாமா என்று இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை 79.10 காட்டியது. ஆரம்பித்த இடத்துக்கும் மேலே!

இறங்கி, நேரே எதிரிலிருந்த ராக்கனின் டீக்கடைக்குப் போய் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினாள். கண்ணீரும் சட்னியுமாக அவள் தின்பதைப் பார்த்த ஜெரோம் ஓடி வந்தான்.

"இது ஈரம்ங்க. மழைல நனைஞ்ச கடலை எடை கூடத்தான் காட்டும், உள்ள பருப்பு கூடியிருக்காது. ஒரு நாள் எடைய வச்சு நாங்க எதையும் முடிவு பண்றதில்ல. உப்பு தூக்கலா சாப்ட்ருப்பீங்க, தண்ணி நின்னுருக்கும்."

"அன்னைக்கு மூட்டை. இப்ப கடலையா? அடுத்து எது, புண்ணாக்கா?"

"டீச்சர்..."

"என்னால முடியலைங்க. அந்த நம்பரப் பாத்தாலே எல்லாம் விட்டுப் போகுது."

சில நாள் கழித்து வந்தவள் ஒரு ஏற்பாட்டோடு வந்தாள். "நான் கண்ண மூடிக்கிறேன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

கண்ணை மூடினாள். இமைகள் லேசாகத் துடித்தன. ஜெரோம் தராசைப் பார்த்தானோ, இமைகளைப் பார்த்தானோ... பதில் வர எப்போதும் கொஞ்சம் நேரமாகும்.

"எழுவத்தெட்டு இருநூறுங்க. கொறஞ்சிருக்கு."

அன்றிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. நூறு, இருநூறாக... ஏறவே இல்லை. ஷெரின் பறந்தாள். விடியற்காலையில் எழுந்து நடந்தாள்; டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். நடக்கும்போது ஞாபகம் வந்தது எடையா, தூசி படிந்த புருவமா என்று அவள் தனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் "எழுவத்தஞ்சு இருநூறு" என்றான் ஜெரோம். செவ்வாய்க்கிழமை டாக்டரின் மிஷின் 76.40 என்றது.

"ஒங்க மிஷின் சரியில்ல டாக்டர். மண்டித் தராசுல நேத்து எழுவத்தஞ்சு இருநூறுதான் காட்டுச்சு."

"என்னம்மா, ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு, சர்க்கரையும் இறங்கிருக்கு. மாத்திரை இப்ப வேணாம். இதே மாதிரி போங்க, ரெண்டு மாசத்துல மறுபடி பாப்போம்."

ஷெரினின் காதில் விழுந்தது 76.40 மட்டும்தான்.

மண்டிக்குள் புயலாக நுழைந்தாள். "உண்மையச் சொல்லுங்க. கழிச்சீங்களா?"

ஜெரோம் தராசைத் துடைக்க ஆரம்பித்தான். "கொஞ்சமா... சாக்குக்கு..."

"எனக்கு ஏதுங்க சாக்கு? ஊரையெல்லாம் சரியா நிறுத்துக் குடுக்கிற ஆளு, என்னைய மட்டும் ஏமாத்துனீங்க. நம்பித்தானே கண்ண மூடினேன்?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

இரண்டு பேருக்குமே சொந்த ஊர் ஆவூர்தான் என்பது மண்டிப் பேச்சில் எப்போதோ தெரிந்திருந்தது. ஈஸ்டர் காலைப் பூசையில், "ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்" என்று சாமியார் சொன்னதும், ஆண்கள் வரிசையிலிருந்து ஜெரோம் பெண்கள் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். ஷெரின் தூணுக்குச் சமாதானம் சொன்னாள். வீட்டுக்குப் போய்ப் பிரியாணியை ஒரு கை பார்த்தாள். மறுசோறு போட அம்மா வந்தபோது கை தானாகத் தட்டை மூடிக்கொண்டது. அவளுக்கே ஆச்சரியம்... எல்லாவற்றையும் விட்டுவிட்டதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்? விடியற்காலை எழுந்து ஆவூர் ரோட்டில் நடந்தது யார்? ஒருவரும் எடை சொல்லாமலே நடந்திருக்கிறாளே?

அப்போதுதான் டாக்டர் சொன்ன மிச்சமும் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மறுபடியும் மழை. இந்தத் தடவை அவள் ஒதுங்கவில்லை, நேராகவே போனாள். ஜெரோம் ஒரு விவசாயியிடம் எடையைத் தப்பாகச் சொல்லி ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவர் போனதும் ஷெரின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தெருப் போர்டில் தொங்கிய சாக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

"டீச்சர், ராக்கண்ணன் கடைல இருக்காருங்க..."

"இருக்கட்டும்."

கண்ணை அகலத் திறந்துகொண்டு தராசில் ஏறினாள். 77.10.

"கூடியிருக்கு," என்றாள். குரல் ஆடவில்லை. "ஈஸ்டர் பிரியாணி. ஈரம். நாளைக்கும் நடப்பேன்... ஏன் பொய் சொன்னீங்க?"

ஜெரோம் சல்லடையைக் கீழே வைத்தான். "எடை கூடுனா நீங்க விட்டுட்டுப் போயிருவீங்க. கொறஞ்சு முடிச்சாலும் அப்புறம் வர மாட்டீங்க. கூடவும் விடாம, சட்டுனு கொறையவும் விடாம... படுத்தா தூக்கம் இல்லைங்க, பொழுதன்னிக்கும் இதே கணக்கு. எனக்கு நீங்க எத்தன கிலோங்கிறது முக்கியமில்ல. நீங்க வரணும். எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு."

மழை தகரத்தில் கொட்டியது. ஷெரின் கொஞ்சம் நகர்ந்து தராசில் இடம் விட்டாள்.

"ஏறுங்க."

"நானா?"

"சாயங்காலம் ஆனா நான் இங்க எடை பாக்க மட்டுமா வந்தேன்? ஏறுங்கன்னா..."

ஏறினான். தராசு கொஞ்சம் தடுமாறி நின்றது. 141.30.

"ஏய் ஜெரோமு!" எதிர்க் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ராக்கன் நிமிர்ந்தார். "நூத்தி நாப்பத்தொண்ணு முந்நூறா? ரெட்டை மூட்டையாப்பா?"

"ஆமாண்ணே!" என்றாள் ஷெரின்.

"சாக்கு கழிச்சாச்சா?"

அந்த ஈர இமைகள் இந்தத் தடவை மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன... ஜெரோம் பார்வையை எடுக்காமலே கத்தினான்.

"இனிமே கழிக்கிறதா இல்லண்ணே!"