ஐந்து மீட்டர் நகர்ந்த தெரு

தையல்காரம்மா கதவைத் தட்டிய தட்டில் தெரு நாய்கள் அத்தனையும் வேறு ஊருக்குக் குடிபோயிருக்கும். கதவைத் திறந்த பூட்டுக்காரர் அந்த முகத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

“மட்டப்பலகைங்கிறது யாரு?”

பூட்டுக்காரருடைய அக்கா புருஷன் ஓய்வுபெற்ற நில அளவையாளர்; அவருக்கு ஊரார் வைத்த பெயர் அது. உலகமே சரிந்தாலும் மனிதர் சரியமாட்டார்.

“சொல்லுங்கம்மா,” என்றார் மட்டப்பலகை உள்ளிருந்து.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் வீட்டுச் சுவரை இடிக்கப் போறாங்க. ரோட்டுக்குள்ள அஞ்சு மீட்டர் வந்திருக்காம். முப்பது வருஷமா நின்ன சுவர், நடந்தா போச்சு?”

நோட்டீசோடு ஒரு வரைபடம் இருந்தது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்த வீடுகள். அவற்றின் மேல், பழைய அளவைப்படி போட்ட சாலை எல்லைக் கோடு.

பூட்டுக்காரரின் மூக்கு தாளை உரசியது. “அத்தான், தெருவே மேற்க நகந்திருக்கு! நாப்பத்தொரு வீடு! இதப் பாருங்க கூத்த, அதே தெருவுல இருக்கற வரைபட ஆபீஸ் சுவருக்குள்ள பக்கத்து சைக்கிள் கொட்டகை பாதி புகுந்திருக்கு!”

மட்டப்பலகை தாளின் அடியில் இருந்ததைப் படித்தார். ‘தரைக்குறி: ஒன்று, தண்ணீர்த் தொட்டி. சரிபார்த்த பிழை: பூஜ்யம்.’ படத்தைத் தரையோடு பொருத்த எடுத்துக்கொண்ட அடையாளம் அந்தத் தொட்டி ஒன்றுதான்.

“பூஜ்யமா?” குரல் மாறவில்லை. ஆனால் அவர் காது சிவந்ததைப் பூட்டுக்காரர் பார்த்துவிட்டார். இனி யாருக்கோ கெட்ட நேரம்.

மதியமே மூவரும் வரைபட அலுவலகத்தில் நின்றார்கள். அதிகாரி நாற்காலியில், களத்தில் அளந்தவர் சுவரோரம்.

“நீங்க எங்க நின்னு அளந்தீங்க?” என்று சுவரோரம் நின்றவரைக் கேட்டார் மட்டப்பலகை.

“தொட்டியோட காலடியில சார். எழுதியும் கொடுத்தேன்.”

மட்டப்பலகை நாற்காலிப் பக்கம் திரும்பினார். “படத்துல எங்க புள்ளி வெச்சீங்க?”

“தொட்டி உச்சியில,” என்றார் அதிகாரி. “அதுதான் வட்டமா பளிச்சுன்னு தெரியுது.”

“சாய்வா எடுத்த படம். இருபது மீட்டர் உயரத் தொட்டி. அதோட தலை, காலுக்குக் கிழக்க அஞ்சு மீட்டர் தள்ளி விழுந்திருக்கு. காலோட அளவைத் தலையில ஒட்டிட்டீங்க. தலை மேற்க வந்துச்சு, கூடவே ஊரும் வந்துச்சு. அப்புறம் அதே புள்ளிய வெச்சே சரிபார்த்தா பூஜ்யம்தான் வரும். பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்தின கதை!”

“கை தவறிப்போச்சு சார். மனுஷன்தானே?”

“அதுக்கு நான் கோபப்படலை. உங்க ஆபீஸ் மட்டும் ஏன் நகரலை?”

அதிகாரி வரைபடத்தைச் சுருட்டப் பார்த்தார். மட்டப்பலகை அதன் மேல் கை வைத்தார்.

“செயற்கைக்கோளுக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது. உங்க ஆபீஸும் ரோட்டுல வந்து நின்னிருக்கு. அப்பவே தப்பு தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு. சத்தமில்லாம ஆபீஸைக் கையால இழுத்து இடத்துல வெச்சீங்க. பக்கத்துக் கொட்டகையை மறந்துட்டீங்க. தெரிஞ்சே மத்தவங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினீங்க!”

மட்டப்பலகை மேசையில் அறைந்தார். பதினெட்டு வருடப் பழக்கத்தில் அவர் எதையும் அறைந்து பூட்டுக்காரர் பார்த்ததில்லை. பேனாக்கூடு, கோப்பு, அதிகாரியின் மீசை, மூன்றும் ஒன்றாக எகிறின.

“திரும்ப அளந்தா வேலை ரெண்டு மாசம் தள்ளிப்போகும்…” என்று இழுத்தார் அதிகாரி.

“உன் ரெண்டு மாசத்துக்கு என் வீடா?” தையல்காரம்மா உருண்ட பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தார். “எழுது. இடிக்கறது ரத்துன்னு. தப்பு உங்களோடதுன்னும் எழுது.”

அதிகாரி தாளை இழுத்துக்கொண்டார். “உங்க வீட்டு நம்பர் என்னம்மா?”

“மத்த நாப்பதையும் முதல்ல எழுது. என்னுதைக் கடைசியா சொல்றேன்.”