கம்பி அறுந்த கைகாட்டி

கல்குவாரி லாரிகள் போகும் சாலையைத் தாண்டினால்தான் பள்ளிக்கூடம். திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தக் காலனியிலிருந்து தினமும் ஏழு பிள்ளைகள் அந்தச் சாலையைத் தாண்டினார்கள்.

தாண்டும் இடத்தில் சாலை வளைந்திருந்தது. வளைவை ஒட்டிக் கருவேல மரங்கள் அடர்ந்து கிடந்தன. லாரி மிக அருகில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். சத்தம் கேட்காதா என்று கேட்பீர்கள். குவாரியில் கல் உடைக்கும் இயந்திரம் நாள் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழாது.

பெரியவர்கள் விடியும்போதே வேர்க்கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்கப் போய்விடுவார்கள். அதனால் பிள்ளைகள் தாங்களே ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள்.

ஏழு பேரில் மூத்தவள் ஆரோக்கியசெல்வி. ஆறாம் வகுப்பு. எல்லாரும் அவளைச் செல்வி என்று கூப்பிடுவார்கள். வளைவில் வாய்க்காலுக்கு மேல் ஒரு மதகு இருந்தது. அதன் சுவர்மேல் ஏறி நின்றால் சாலையின் இரண்டு பக்கமும் தெரியும். செல்வி முதலில் போய் அதில் ஏறிக்கொள்வாள். லாரி வந்தால் சிவப்புத் துண்டை உயர்த்துவாள்.

"சிவப்பு தெரிஞ்சா நில்லுங்க. தெரியலன்னா ஜல்தியா ஓடிப் பூடுங்க." இதுதான் அவர்கள் சட்டம்.

ஒரு புதன்கிழமை காலை, லாரி வருவதைப் பார்த்துச் செல்வி துண்டை உயர்த்தப் போனாள். துண்டு கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. கத்தினாள். அவள் குரல் இரைச்சலில் கரைந்து போனது.

சிவப்பு தெரியவில்லை என்றதும் அவள் தம்பி பிரான்சிஸ் சாலையில் இறங்கி ஓடினான்.

லாரி கிறீச்சிட்டு நின்றது. அதன் முன்சக்கரம் பிரான்சிஸின் பைமேல் ஏறியிருந்தது. பைக்கு ஒரு முழம் தள்ளி, முழங்கால் சிராய்ப்போடு அவன் கிடந்தான்.

ஓட்டுநர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அவர் பிரான்சிஸின் கை கால்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலின் மூடியை அவரால் திறக்க முடியவில்லை. பிள்ளைகளில் ஒருத்தியான சங்கவிதான் வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"எனக்கும் இவன் வயசுல ஒரு புள்ள கீறான் பாப்பா," என்றார்.

மறுநாள் பிரான்சிஸ் சாலை விளிம்புவரை வந்தான். அழவில்லை. அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டான். வெள்ளிக்கிழமையும் அப்படியே.

"புள்ள மெரண்டு போச்சு," என்றாள் அம்மா லூர்துமேரி. "விழுப்புரத்துல ஹாஸ்டல்ல சேத்துடறேன். அங்க ரோடு தாண்டுற பேஜாரு இல்ல."

செல்வி சோற்றைத் தள்ளி வைத்தாள். பிரான்சிஸ் மூன்றாம் வகுப்புதான். இன்னும் அவனுக்குச் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாது.

"முள்ள வெட்டிட்டா சரியாப் பூடும்டி," என்றாள் சங்கவி.

"அக்காவோட துண்ட நம்பினா நம்ம போட்டோவுக்கு மாலை போட்டுடுவாங்க," என்றான் கூடவே பள்ளிக்கு வரும் சித்தார்த்தன்.

செல்வி யோசித்துப் பார்த்தாள். முள்ளை வெட்டிவிடலாம். ஆனால் துண்டையே ஒருநாள் மறந்துவிட்டால்? மதகில் நிற்கும்போது தலை சுற்றினால்? எப்படி யோசித்தாலும் கடைசியில் அவள் மனக்கண்ணில் பிரான்சிஸ் சாலையில் இறங்கி ஓடினான்.

சனிக்கிழமை அம்மா, செல்வி, பிரான்சிஸ் மூவரும் விழுப்புரம் போனார்கள். திங்கட்கிழமை பள்ளியில் டி.சி. வாங்கிக்கொண்டு வந்தால் இடம் தருவதாக ஹாஸ்டலில் சொன்னார்கள். திரும்பிப் போக ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ரயில்வே குடியிருப்புக்கு முன்னால் ஒரு சின்னப் பூங்கா. அம்மா நிழலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பூங்கா நடுவில் ஓர் உயரமான இரும்புக் கம்பம் நின்றது. அதன் உச்சியில் சிவப்பாக ஒரு நீண்ட இரும்புக் கை. கீழே ஒரு பலகை: 'பழைய ரயில் கைகாட்டி. கை நேராக இருந்தால் ரயில் நிற்க வேண்டும். கீழே சாய்ந்தால் போகலாம்.'

கம்பத்திலிருந்து ஒரு கம்பி போய்ச் சற்றுத் தள்ளியிருந்த இரும்புப் பிடியில் முடிந்தது. பிரான்சிஸ் பிடியைப் பிடித்துத் தொங்கினான். மேலே கை சாய்ந்தது.

"அக்கா, ரயிலு போலாம்!"

மூன்று நாளில் அவன் இவ்வளவு சத்தமாகப் பேசியது அப்போதுதான். விட்டான், கை நிமிர்ந்தது. இழுத்தான், சாய்ந்தது. நாலாவது முறை இழுத்தபோது 'டங்'கென்று கம்பி அறுந்தது. பிரான்சிஸ் புல்லில் மல்லாந்து விழுந்தான்.

கம்பத்தில் ஒரு கனமான இரும்பு எடை இருந்தது. கம்பி அறுந்ததும் அது பொத்தென்று கீழே இறங்கியது. மேலே கை விறைப்பாக நிமிர்ந்து நின்றது.

"யார்ரா அது கம்பிய அறுத்தது?" செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கெங்கம்மாள் குழாயோடு வந்தார். பிரான்சிஸ் அக்காவின் பின்னால் ஒளிந்தான்.

"நாங்கதாங்க. இழுத்துப் பாத்தோம், அறுந்துடுச்சுங்க," என்றாள் செல்வி.

"வர்றவன் போறவன்லாம் தொங்கினா அது இன்னா பண்ணும்? சரி உடு, கட்டிக்கலாம்."

"அறுந்த பெறவும் அது நில்லுன்னுதானே காட்டுதுங்க?"

"என்னக் கேட்டா? நான் செடிக்குத் தண்ணி ஊத்தறவ."

கெங்கம்மாள் போய்விட்டார். செல்வி அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். 'போகலாம்' என்று சொல்ல யாராவது கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டும். 'நில்' என்று சொல்ல யாருமே வேண்டாம். கம்பி அறுந்தாலும், பிடியில் நிற்பவர் மயங்கி விழுந்தாலும் எடை இறங்கும், கை நிமிரும். ரயில் நின்றுவிடும். தாமதமாகும், அவ்வளவுதான்.

"பிரான்சிஸு, நம்மளுது தலகீழாக் கீதுடா," என்றாள் மெதுவாக. "அறுந்தா இது நில்லுன்னுது. என் துண்டு மாட்டிக்கினா, வான்னுது."

பிரான்சிஸ் மேலே நிமிர்ந்திருந்த கையைப் பார்த்தான். "அப்ப நமக்கும் நில்லுன்னு சொல்றதுக்கு ஒண்ணும் வேணாம். போலாம்னு சொல்றதுக்குத்தான் துணி வேணும்."

திண்டிவனம் வரும்வரை ரயிலில் இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வி எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டாள். அம்மாவின் பழைய பச்சைப் புடவையிலிருந்து கிழித்த துணி அவள் கையில் இருந்தது.

"ரெண்டு பக்கமும் காலியா இருந்தாத்தான் பச்சையத் தூக்குவேன். பச்சை தெரிஞ்சா, நீங்களும் ஒருவாட்டி ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் போங்க. தெரியலன்னா நில்லுங்க. ஏன்னு கேக்கக் கூடாது."

"நீ தூங்கிட்டா?" என்றான் சித்தார்த்தன்.

"நின்னுகினே இரு."

"சாயங்காலம் வரைக்குமா?"

"சாயங்காலம் வரைக்கும்," என்றான் பிரான்சிஸ். அவன் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை டி.சி. கேட்க அம்மாவும் பிள்ளைகளோடு கிளம்பினாள். பிரான்சிஸ் சாலை விளிம்புக்கு வந்து நின்றான். திரும்பி ஓடவில்லை. அவன் கண் மதகின் மேலேயே இருந்தது.

பச்சை உயர்ந்தது. சங்கவி ஓரடி எடுத்து வைத்தாள்.

அதே நேரம் வளைவுக்கு அப்பால் செல்வி ஒரு லாரியைப் பார்த்தாள். சட்டென்று திரும்பியதில் கால் வழுக்கி, துணியோடு வாய்க்கால் சேற்றில் விழுந்தாள்.

பச்சை மறைந்தது.

"நில்லு!" பிரான்சிஸ் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்றான்.

"இப்பத்தானடா காட்டினா?" என்றாள் அம்மா. "ஒண்ணும் வர்ல. வாங்க, நேரமாவுது."

"காட்டினா. இப்பத் தெரியலம்மா."

"டேய்..."

"தெரியலம்மா. நில்லு."

அம்மா எடுத்த காலைப் பின்னால் வைத்தாள். மறுநொடி வளைவிலிருந்து லாரி பாய்ந்து வந்து, அவர்கள் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போனது. அம்மா பிரான்சிஸின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். யாரும் அசையவில்லை.

வெகுநேரம் கழித்து, தலையிலிருந்து கால்வரை சேறு வழிய, செல்வி மதகில் ஏறினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பச்சையை உயர்த்தினாள். பிரான்சிஸ் தானும் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு நடந்தான். ஓடவில்லை.

அம்மா சாலையைத் தாண்டவில்லை. ஆறு பேரும் தாண்டி, கடைசியாகச் செல்வியும் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டி.சி. கேட்காமலே மல்லாட்டைக் கொல்லைக்குத் திரும்பிவிட்டாள்.

பள்ளியில் பிரார்த்தனை முடிந்து வகுப்புகள் தொடங்கியிருந்தன. ஏழு பேரும் தாமதமாகப் போனார்கள். ஏழு பேரும் போனார்கள்.