போர்ட்டோவில் காணாமல் போன ட்ரம்பெட்

பிற்பகல் 3.20. போர்ட்டோ விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டிகள் சுற்றிவரும் மூன்றாம் பட்டையிலிருந்து இழுத்த கறுப்புப் பெட்டியை லியோகாடியா தரையில் சாய்த்துத் திறந்தாள். உள்ளே இருப்பது அடிபடாமல் வந்ததா என்று பார்க்கத்தான் திறந்தாள். நாலைந்து பழைய துண்டுகளும் ஒரு கிழிந்த கம்பளியும் இருந்தன. ட்ரம்பெட் இல்லை.

அழுவதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. போர்ட்டோவில் மூடுபனி என்று லக்ஸம்பர்க்கில் ஆறு மணி நேரம் உட்காரவைத்துவிட்டுத்தான் விமானத்தைக் கிளப்பினார்கள். முட்டிவலியோடு அவள் பட்டைக்கு வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் பாதிப்பேர் போய்விட்டிருந்தார்கள். இன்னும் சில பெட்டிகள் பச்சை ஓரம் போட்ட நீளச் சீட்டுகள் தொங்க, எடுக்க ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

"பதறாதீங்க அண்ணி. அந்த மேசைக்குப் போய்ச் சொல்லுவோம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார் பெல்மிரோ. இறந்துபோன கணவர் ஹெர்மீனியோவின் தம்பி. அண்ணனோடு முப்பத்தொரு வருஷம் பேச்சு கிடையாது. சாவுக்காவது வந்தாரே என்று அவளுக்கு ஒரு ஆறுதல்.

3.35. தொலைந்த பெட்டிகளுக்கான மேசையில் சுல்மிரா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருஷமாக அதே மேசை, அதே கேள்விகள். எதிரே காலையிலும் நேற்றும் ரத்தான விமானங்களின் பெட்டிகள், இருநூறுக்கு மேல், வரிசை வரிசையாகக் கிடந்தன. அவற்றை மதியமே எண்ணிப் பட்டியல் போட்டுவிட்டார்கள்.

"என்ன பெட்டி?"

"கறுப்பு. கைப்பிடியில எங்க ஊர் மாதாவோட நீல ரிப்பன்."

"இந்தப் பெட்டியிலயும் அதே ரிப்பன்தானே இருக்கு?"

"ஊர்க்காரங்க எல்லாருமே கட்டுவோம். பயணம் நல்லபடியா முடியணும்னு."

"நல்லபடியாத்தான் முடிஞ்சிருக்கு. உள்ள என்ன இருந்தது?"

"அவரோட ட்ரம்பெட். ஊர் பாண்டுல அவங்க அப்பா வாசிச்சது, அப்புறம் இவர் வாசிச்சார். உடம்பு முன்னாடியே வண்டியில ஊருக்குப் போயிடுச்சு, நாளைக்குப் பதினோரு மணிக்கு அடக்கம். அத அவர்கூட வைக்கணும். குழிய மூடினப்புறம் கெடச்சு எனக்கு என்ன பிரயோஜனம்?"

சுல்மிரா பேனாவைக் கீழே வைத்தாள். நாள் பூராவும் ஷாம்பு போச்சு, சார்ஜர் போச்சு என்று கேட்டுச் சலித்த காது அது. இப்போது அவளுக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

"எங்க ஊர்க்காரர் யாராவது மாத்தி எடுத்திருப்பார்" என்றார் பெல்மிரோ. "ரெண்டு நாள்ல அவரே கொண்டுவந்து குடுத்துடுவார்."

"நீங்களும் லக்ஸம்பர்க் விமானமா?"

"இல்ல, ஜெனீவா. காலையில எட்டு நாப்பதுக்கே இறங்கிட்டேன். அதுக்கப்புறம்தான் பனி மூடிக்கிச்சு. அண்ணி தனியா வர்றாங்களேன்னு உள்ளயே காத்துக்கிட்டிருந்தேன்."

"உங்க பெட்டி?"

"பெட்டியெல்லாம் இல்ல. இந்தத் தோள்பை மட்டும்தான்."

3.50. போலீஸ்காரர் கின்டெலா கொட்டாவி விட்டபடி வந்து, மாறிப்போன பெட்டியைப் பார்த்தார். "பெட்டி ஏத்தி இறக்கற பசங்க வேலையா இருக்கும்."

"உங்களுக்கு எது காணாமப் போனாலும் அவங்கதான்" என்றாள் சுல்மிரா.

"பின்ன, மாதாவா வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க?"

சுல்மிரா பெட்டிக்குள் கைவிட்டாள். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அடியில் ஒன்றும் இல்லை. பெயர்ச்சீட்டும் இல்லை. கைப்பிடியில் ரிப்பனுக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. விமானத்தில் ஏற்றும்போது பெட்டியில் ஒட்டிய சீட்டைக் கிழித்ததில் மிஞ்சிய துண்டு.

"அதுல ஏதாவது எழுதியிருக்கா?" என்றார் கின்டெலா.

"ஒரு எழுத்துகூட இல்ல."

"அப்ப தூக்கிப் போடுங்க."

அவள் தூக்கிப் போடவில்லை. "வெளிநாட்டுலேருந்து ஊருக்கு வர்றவர் பெட்டியில ஒரு சாக்லேட் கூடவா இருக்காது? ஒரு காப்பிப் பொட்டலம்? மாத்துச் சட்டை? வெறுங்கையோட போனா ஊர்ல வாசல் தாண்ட விடுவாங்களா?"

அந்த நேரத்தில் பெல்மிரோ பணிவாகக் குறுக்கிட்டார். "அண்ணி, வெளியில கார் நிக்குது. மலைப்பாதை, மூணு மணி நேரம் ஆகும். நீங்க கிளம்புங்க. நான் இருந்து தேடி எடுத்துக்கிட்டு பஸ்ல வந்துடறேன்."

"நீங்களே முடியாம இருக்கீங்க..."

"பரவால்ல அண்ணி. உங்களுக்காக இதுகூடச் செய்யமாட்டேனா?"

லியோகாடியாவின் கண் கலங்கியது. எவ்வளவு தங்கமான மனுஷர் என்று சுல்மிராவும் ஒரு கணம் நினைத்தாள். அப்புறம் கணினிப் பக்கம் திரும்பி எதையோ தட்டினாள். லியோகாடியாவின் ரசீதை வாங்கி, அதிலிருந்த எண்ணைக் கின்டெலாவிடம் எழுதிக் கொடுத்து, எதிரே கிடந்த வரிசைகளைக் காட்டினாள்.

"அங்க எதுக்கு? அதெல்லாம் காலைப் பெட்டியாச்சே."

"அதனாலதான். ரிப்பன் இல்லாத கறுப்புப் பெட்டியாப் பாருங்க."

4.15. கின்டெலா வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். கையில் ஒரு கறுப்புப் பெட்டி. ரிப்பன் இல்லை, ஆனால் சீட்டில் அதே எண். லியோகாடியா திறந்தாள். ஒரு சால்வைக்குள் ட்ரம்பெட் பத்திரமாக இருந்தது.

அவள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுல்மிரா பெல்மிரோவின் பக்கம் திரும்பினாள்.

"துண்டு அடைச்ச பெட்டி உங்களோடது."

"என்னம்மா சொல்றீங்க? நான் பெட்டியே கொண்டுவரல."

"ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள ஏத்தற பெட்டிச் சீட்டுக்கு ரெண்டு ஓரமும் பச்சை. சுங்கக்காரங்க தூரத்துலேருந்தே அடையாளம் பாக்கறதுக்காக. லக்ஸம்பர்க்குலேருந்து வந்த எல்லாப் பெட்டிக்கும் பச்சைதான். இந்தத் துண்டுல ஓரம் வெறும் வெள்ளை. எழுத்து இருக்கான்னு எல்லாரும் பாத்தாங்க, ஓரத்த யாரும் பாக்கல. சுவிட்சர்லாந்து ஒன்றியத்துல இல்ல. இன்னிக்கு வெள்ளை ஓரத்தோட இங்க இறங்கினது ஒரே ஒரு விமானம், உங்க ஜெனீவா விமானம். அதுல வந்தவங்க எல்லாரும் ஒம்பதரைக்கே போயாச்சு, உங்களத் தவிர. உங்க அண்ணியோட குடும்பப் பேர்ல தேடினேன். பெல்மிரோ தவெய்ரா, ஒரு பெட்டி, ஏழு கிலோன்னு பதிவுல இருக்கு."

பெல்மிரோ தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அண்ணி முட்டிவலியோட மெதுவாத்தான் வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அவங்க பெட்டிய முதல்ல எடுத்து, ரிப்பன அவுத்து, எண்ணி முடிச்ச வரிசைக்குள்ள நிறுத்திட்டீங்க. உங்க பெட்டியப் பட்டையில போட்டீங்க. பெட்டி மாறிப்போச்சுன்னா யாரும் திருடனத் தேடமாட்டாங்க. அவங்க கிளம்பினதும் எடுத்துக்கலாம். அடக்கமும் முடிஞ்சுடும்."

கின்டெலா பெல்மிரோவின் தோளில் கை வைத்தார். பெல்மிரோ அதைத் தட்டிவிடவில்லை. களைத்துப்போய்த் தன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா வாசிச்சது" என்றார். "நான்தான் நல்லா வாசிப்பேன். ஊருக்கே தெரியும். ஆனா மூத்தவன்னு அண்ணன்கிட்ட குடுத்துட்டார். சரி, அவன் வாசிச்சான், போகட்டும். இப்ப மண்ணுல போட்டு மூடப்போறீங்களே அண்ணி. எனக்குத் தாங்கல."

லியோகாடியா ட்ரம்பெட்டை மறுபடி சால்வையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"போன வாரம் போன்ல, ட்ரம்பெட்டக் கறுப்புப் பெட்டியில வச்சு எடுத்துக்கிட்டு வர்றேன், அவர்கூட வைக்கப்போறேன்னு சொன்னேனே. எதுக்குச் சொன்னேன்னு நெனச்சீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொன்னார். 'பெல்மிரோ கேட்டா குடுத்துடு. கேக்கலைன்னா எங்கூட வச்சுடு.' முப்பத்தொரு வருஷம் நீங்க கேப்பீங்கன்னு இருந்தார். நானும் போன்ல சொல்லிட்டுச் சும்மா இருந்தேன். நீங்க, நல்லபடியா வாங்க அண்ணின்னு சொல்லிப் போன வச்சுட்டீங்க."

"புகார் எழுதணுமா?" என்று கின்டெலா தணிந்த குரலில் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பெல்மிரோ எழுந்தார். "இப்பக் கேக்கறேன் அண்ணி."

"எங்கிட்டக் கேட்டு என்ன பண்றது? நாளைக்குப் பதினோரு மணிக்கு, மூடறதுக்கு முன்னாடி, அவர்கிட்டயே கேளுங்க. எல்லாரும் நிப்பாங்க. வாயத் தொறந்து கேக்கணும்."

அவள் பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்ப இதத் தூக்கிக்கிட்டு வாங்க. எனக்கு முட்டி முடியல."