தட்டைத் திருப்பிய கை

சனிக்கிழமை காலை, ஒன்பது மணி.

சப்-இன்ஸ்பெக்டர் எல்வீராவுக்குப் பிணம் புரிந்தது. ரெகார்டு பிளேயர்தான் புரியவில்லை.

அனிபால் சோசா தன் சாய்வு நாற்காலியில் இருந்தார். மடியில் ஒரு குஷன். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்து, வெள்ளை விழியில் இருந்த சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். அந்தக் குஷனை யாரோ முகத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அறுபத்தெட்டு வயது, பலவீனமான நுரையீரல். அதிக நேரம் பிடித்திருக்காது.

"எப்ப செத்தார்னு சொல்ல முடியுமா டாக்டர்?"

"ராத்திரி பூரா குளிருக்கு வெச்ச கேஸ் அடுப்பு எரிஞ்சிருக்கு. அறையே சூளை மாதிரி இருக்கு. ஏழிலேர்ந்து பத்துக்குள்ள, எப்ப வேணும்னாலும். அதுக்கு மேல என்னைக் கேக்காதம்மா."

ரொசாரியோ நகரத்தில் ஜூலை என்றால் நடுக்குளிர்காலம்; அந்தக் குளிர் ஜன்னல் கண்ணாடியில் நீராக வழிந்துகொண்டிருந்தது. சுவர் நான்கிலும் கூரைவரை இசைத்தட்டுகள். எல்லாம் நிமிர்ந்து நின்றன. ஒன்றின் மேல் ஒன்று படுத்த தட்டு எங்கேயும் இல்லை. நடு மேசையில் அனிபாலின் நல்ல ரெகார்டு பிளேயர் இருந்தது. அதன் மூடி சாத்தியிருந்தது. ஊசிக்கு உறை மாட்டியிருந்தது. பக்கத்தில் தட்டு துடைக்கும் பிரஷ், சுத்தமாக, காய்ந்து கிடந்தது.

மூலையில் இன்னொரு பாட்டுப் பெட்டி இருந்தது. அவருடைய அம்மா காலத்துத் தானியங்கிப் பெட்டி. நடுக்கம்பியில் ஐந்தாறு தட்டுகளை அடுக்கிவிட்டால், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக மேலே விழும். எல்லாம் முடிந்ததும் தானாகவே நின்றுவிடும். விருந்துகளுக்கு வசதி, தட்டுகளுக்குச் சித்திரவதை. ஊசிக் கை கனமானது. தட்டோடு தட்டு உராயும். அனிபால் அதன் மேல் விளக்கு வைத்திருந்தார். இன்று அந்த விளக்கு தரையில் இருந்தது. பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள். மேல் தட்டின் நடுக் காகிதத்தில் 'பக்கம் 2' என்று இருந்தது.

அது சாதாரணத் தட்டும் அல்ல. 'குருட்டுக் கலங்கரை' என்ற உள்ளூர்க் குழு எழுபத்து நான்கில் போட்ட இரட்டைத் தட்டு; இரண்டு தட்டு, நான்கு பக்கம். ராணுவ ஆட்சியில் பிரதிகளைத் தேடி எடுத்து உருக்கிவிட்டார்கள். இருபது வருடமாக ருபேன் லோவேரா என்ற சேகரிப்பாளரிடம் மட்டும் ஒரு பிரதி உண்டு என்று ஊரே நம்பியது. மூன்று மாதத்துக்கு முன் அனிபாலுக்கு இரண்டாவது கிடைத்தது.

"உசுரு மாதிரி வெச்சிருந்த தட்டு, சார். அதை இந்தப் பெட்டியில எதுக்குப் போட்டாரு? இதோட ஊசி ஆணி மாதிரி இருக்கு" என்றாள் எல்வீரா.

தலைமை அதிகாரி தபோர்தா மீசையைத் தடவினார். "கெழவருக்கு அம்மா ஞாபகம் வந்திருக்கும். நீ பங்க் ராக் கும்பல்ல டிரம்ஸ் அடிச்சவ. தட்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"எங்க பாட்டு ரெண்டு நிமிஷம் சார். அதுல ஒண்ணரை நிமிஷம் கத்தல்."

"இவங்க பாட்டு ஒண்ணு முடியறதுக்குள்ள எனக்குப் பென்ஷனே வந்துரும்" என்றார் தபோர்தா.

கீழ்வீட்டு தோன்யா எலிதா, முற்றத்து நாற்காலியில் மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி சாட்சி சொன்னாள்.

"அந்தத் தட்டை மூணு மாசமா தெனமும் கேட்டாச்சு. கோயில் மணி மாதிரி சத்தத்துல ஆரம்பிச்சா மொதப் பக்கம். கடல் சத்தத்துல ஆரம்பிச்சா ரெண்டாவது. நேத்து எட்டு மணி இருக்கும், மணி அடிச்சுது. கொஞ்ச நேரத்துல ருபேன் சார் கெளம்பிட்டாரு. வாசப்படில நின்னு உள்ள பாத்து, 'நாளைக்குப் பாக்கலாம் அனிபால், தூங்கிறாத'ன்னு சொல்லிட்டு, கதவை இழுத்துச் சாத்தினாரு. எனக்கும் வணக்கம் வெச்சாரு."

"அனிபால் பதில் சொன்னாரா?"

"அந்தச் சத்தத்துல என்னத்தக் கேக்க."

"அப்புறம்?"

"பக்கம் முடிஞ்சுது. கப்சிப். 'டக்'னு ஒண்ணு. கடல் ஆரம்பிச்சுது. அது ஓடறப்பதான் அந்த ஆணி ஜாக்கெட் பையன் மேல போனான். போன வேகத்துல எறங்கிட்டான்." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "பாவம் மனுஷன். 'சனிக்கிழமை ரேடியோல ஒரு வேடிக்கை சொல்லப் போறேன், மறக்காம கேளுங்க'ன்னு சிரிச்சிட்டே சொன்னாரு."

ஆணி ஜாக்கெட் பையனின் பெயர் லவுத்தாரோ. வயது இருபத்திரண்டு. ஞாயிறு சந்தையில் பங்க் கேசட் விற்பவன். போன ஞாயிறுதான் அத்தனை பேர் முன்னாலும் அனிபாலோடு சண்டை போட்டு, "உங்க தட்டையெல்லாம் கொளுத்தினாதான் எங்களுக்கு விடிவு" என்று கத்தியிருந்தான்.

மதியத்துக்குள் அவன் லாக்கப்பில் இருந்தான்.

"அவருதான் வரச் சொன்னாரு. எங்க பேண்ட் தட்டு போட்டிருக்கோம்ல, 'கொண்டு வாடா, திட்டறதுக்காவது கேக்க வேணாமா'ன்னாரு. கதவைத் தட்டினேன். பாட்டு ஓடுது, தொறக்கல. பாட்டு முடியாம அந்த மனுஷன் எந்திரிக்க மாட்டாருன்னு தெரியும். ஆனா எனக்குக் கோவம் வந்துருச்சு, எறங்கிட்டேன்." அவன் கம்பியைப் பிடித்தான். "அக்கா, நீங்க மேடையில டிரம்ஸ் அடிக்கறத நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். நான் பண்ணலைக்கா."

எல்வீரா மனதுக்குள் கணக்குப் போட்டாள். பக்கம் மாறியபோது அனிபால் உயிரோடு இருந்தார் என்றால், அதன்பின் அந்தப் படியேறியவன் இவன் ஒருவன்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீதிபதி கையெழுத்துப் போடுவார். அதன்பின் இவன் போகும் சிறையில், இவனைப் போன்ற ஒல்லிப் பையன்களுக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ருபேன் லோவேரா அழைக்காமலே உதவிக்கு வந்தார். வெள்ளைத் தாடி, மெல்லிய குரல். பக்கம் மாறிய நேரத்தில் அவர் தெருமுனை மதுக்கடையில் இருந்தார். பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

"அனிபால் தட்டைப் போட்டப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? எந்தப் பெட்டியில போட்டாரு?" என்று கேட்டாள் எல்வீரா.

"நான் கவனிக்கலையே மகளே. கோட்டு மாட்டிட்டிருந்தேன்."

"இந்தப் பழைய பெட்டி தட்டைத் தானா திருப்பிப் போடுமா?"

"உலகத்துல எந்தப் பெட்டியும் தட்டைத் திருப்பாது. விழ வைக்கும், அவ்வளவுதான். திருப்பறதுக்கு ஒரு கை வேணும்."

ஞாயிறு மதியம் தபோர்தா அதைச் சோதித்தே பார்த்துவிட்டார். "சாட்சிப் பொருளை அந்த ஊசிக்குக் குடுக்காதீங்க" என்று ருபேன் தன் சொந்தப் பிரதியைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அதில் ஒரு தட்டை அனிபாலின் பழைய பெட்டியில் போட்டார்கள்; முதல் பக்கம் ஓடியது. மணிச் சத்தம் கீழே கேட்டது என்றாள் தோன்யா எலிதா. பக்கம் முடிந்தது. ஊசிக் கை ஒதுங்கியது. பெட்டி நின்றது. கடல் வரவில்லை. எல்வீரா எழுந்து போய்த் தன் கையால் தட்டைத் திருப்பிப் போட்ட பிறகே கடல் வந்தது.

"போதுமா?" என்றார் தபோர்தா. "உயிரோட ஒரு கை திருப்பியிருக்கு. அப்புறம் அந்தக் கைக்குச் சொந்தக்காரரை உன் பங்க் ஜாதிப் பையன் முடிச்சிட்டான்."

ருபேன் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி மெதுவாகச் சொன்னார். "அனிபாலோட பிரதியை நான் பாத்துக்கறேன் சார். உங்க ஸ்டேஷன் ஈரம் அதை ஒரு மாசத்துல கொன்னுரும்."

தபோர்தாவுக்கு அது நியாயமாகப் பட்டது. நாளைக் காலை வாங்கிக்கொள்ளச் சொன்னார். ருபேனின் பிரதியும் சோதனைக் குறிப்பு எழுதி முடியும்வரை ஸ்டேஷனிலேயே இருந்தது.

திங்கட்கிழமை காலை, எட்டு மணி. கொடுப்பதற்காக எல்வீரா அனிபாலின் தட்டுகளை உறையில் போட்டாள். 'பக்கம் 1' என்றிருந்த தட்டை எடுத்தாள். விளிம்பைப் பிடித்துத் திருப்பினாள்.

அப்படியே நின்றாள்.

பிறகு அடுத்த தட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ருபேனின் இரண்டையும். பிறகு ஓடினாள்.

ஒன்பதே காலுக்கு அனிபாலின் அறையில் தபோர்தாவும் ருபேனும் நின்றார்கள். எல்வீரா பழைய பெட்டியின் நடுக்கம்பியில் அனிபாலின் இரண்டு தட்டுகளையும் அடுக்கினாள்.

"என்ன பண்றீங்க?" ருபேனின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "அந்த ஊசி அதைத் தின்னுரும்."

"வெள்ளிக்கிழமை தின்னதை விடவா?"

அடித்தட்டு விழுந்தது. மணி அடித்தது. மூவரும் அந்தப் பக்கம் முழுவதையும் நின்றபடியே கேட்டார்கள். அடுப்பு அணைந்த அறையில் மூச்சு புகையாகத் தெரிந்தது. ருபேன் ஒரு முறை கதவைப் பார்த்தார். தபோர்தா அதைப் பார்த்துவிட்டு, நகர்ந்து கதவின் முன்னால் நின்றார்.

பக்கம் முடிந்தது. ஊசிக் கை ஒதுங்கியது. யாரும் அசையவில்லை.

டக்.

மேலே காத்திருந்த தட்டு விழுந்தது. ஊசிக் கை தானாகத் திரும்பி வந்து இறங்கியது. அறையில் கடல் சத்தம் எழுந்தது. கீழே முற்றத்திலிருந்து தோன்யா எலிதாவின் குரல் கேட்டது: "யாரது மேல? இதேதான், அன்னைக்கும் இப்படியேதான்."

"நேத்து வரலையே. எப்படி?" என்றார் தபோர்தா.

"நேத்து போட்டது ஒரு தட்டு, சார். ஆனா பொணத்துக்குப் பக்கத்துல பெட்டிக்குள்ள ரெண்டு தட்டு இருந்துச்சு. அதை நாம யாருமே கேக்கல. ரெண்டாம் பக்கம் மொதப் பக்கத்தோட முதுகுல இருந்தா, ரெண்டாவது தட்டுக்கு அங்க என்ன வேலை?" அவள் ஒலியைக் குறைத்தாள். "அந்தக் காலத்து இரட்டைத் தட்டு நெறைய இந்த மாதிரிப் பெட்டிக்காகவே அச்சடிச்சது. ஒரு தட்டுல ஒண்ணாம் பக்கமும் நாலாம் பக்கமும். இன்னொண்ணுல ரெண்டும் மூணும். அடுக்கி விட்டா ஒண்ணு முடிஞ்சு ரெண்டு தானா விழும். அப்புறம் மொத்த அடுக்கையும் கவுத்துப் போட்டா மூணு, நாலு. நடுவுல ஆளே வேணாம்."

"ருபேன் சாரோட பிரதி?"

"அதுல ஒண்ணும் ரெண்டும் ஒரே தட்டு. பின்னாடி வந்த வழக்கம். ஏன்னா அது அசல் இல்ல, பின்னாடி யாரோ அச்சடிச்சது. அனிபாலோடது கெடைக்கிற வரைக்கும் ஒப்பிட்டுப் பாக்க ஆள் இல்ல. கெடைச்சதும் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ரேடியோல சொல்லவிருந்த வேடிக்கை இதுதான். ஊருக்கே பெருமையா இருந்த தட்டு போலின்னு."

ருபேன் நாற்காலியைப் பார்த்துப் பேசினார். "அதைச் சொல்லி அவன் சிரிச்சான். இருபது வருஷ மரியாதை. அவன் சிரிச்சான்." பிறகு அவசரமாக, "அனிபாலே அடுக்கிப் போட்டிருக்கலாம். எனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

"தட்டு மேல தட்டு படவே விடாதவரு. நல்ல பெட்டி கைக்கெட்டற தூரத்துல. விளக்கை எடுத்துக் கீழ வெச்சு, உசுரான தட்டை ஆணி ஊசிக்கு அடியில குடுத்தாராம். அதை ஒரு ரெகார்டு பைத்தியம் பக்கத்துல நின்னும் கவனிக்கலையாம். நீங்க கவனிக்காம இருந்திருக்கவே முடியாது ருபேன் சார். போட்டதே நீங்கதான்."

தபோர்தா மெதுவாகத் தொலைபேசியை எடுத்து, நீதிபதியின் அலுவலக எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். அவர் எல்வீராவிடம் ரிசீவரை நீட்டினார்.

"லவுத்தாரோவை விட்டுடுங்க" என்றாள் அவள். "மணி அடிக்கும்போதே அனிபால் செத்திருந்தாரு. ருபேன் லோவேரா அவரைக் கொன்னு, ரெண்டு தட்டையும் அடுக்கிவிட்டு, பொணத்துக்கிட்ட சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. அவரு மதுக்கடையில உக்காந்திருந்தப்ப ரெண்டாவது தட்டு தானா விழுந்துச்சு. அன்னைக்கு அந்தத் தட்டை யாருமே திருப்பல."