குலசிங்கம் என்ற பெயரில் ஒரு இதயம்

“உது என்ர நெஞ்சில்லை எண்டு எத்தினை தரம்—”

“ஸ்கானுக்குப் படுத்தது நீங்கள்தானே—”

“அதுக்குள்ள ஸ்ரென்ற் கிடக்குதெல்லோ! எனக்கு எப்ப, ஆர் ஸ்ரென்ற் வச்சவை?”

“கத்தாதேங்கோ. பிறகு நெஞ்சு நோகுதெண்டுவியள்.”

“நோகட்டும். என்ர அப்பாவையும் நீதானே இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து படுக்க வச்சனி. ஆள் திரும்பி வீட்டை வந்தாரோ?”

துர்க்கா முகத்தைத் திருப்பினாள். சுவர்த்திரையில் கணவன் கிருபனின் இதயம் மெல்லச் சுழன்றது. காலையில் எடுத்த ஸ்கானைக் கணினியே படித்து, இரத்தம் தடைப்படும் இடத்துக்குச் சிவப்புப் பூசி, நாளைக்கு எந்த இரத்தக்குழாயில் எத்தனை மில்லிமீற்றருக்கு ஸ்ரென்ற் என்னும் கம்பிக்குழாயை வைப்பது என்று கோடும் போட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே, ஏற்கெனவே வைத்த ஒன்று, வெள்ளைக் கம்பிச் சுருளாகத் தெரிந்தது.

ஸ்கான் எடுக்கும் பேர்ணடெற் எட்டிப் பார்த்தாள்.

“ஃபைல் மாறியிருக்கும் அக்கா. எங்கட ஆக்களுக்குத் தகப்பன்ர பேர்தானே கடைசிப் பேர். கொம்பியூட்டர் அப்பா, மகன் ரெண்டு குலசிங்கத்தையும் ஒண்டாக்கிப் போட்டுது. திரும்ப எடுப்பம்.”

துர்க்காவுக்கு உயிர் வந்தது. மாமாவின், கிருபனின் அப்பாவின் படம். ஸ்ரென்ற் வைத்தும் பிழைக்காமல் இறந்து பதினான்கு மாதமான மாமாவின் பழைய படம். அவ்வளவுதான்.

“கேட்டியளோ? போங்கோ, பத்து நிமிசம்.”

“நீயே போய்ப் படன்.” ஆனாலும் போனான்.

அவள் கண்ணாடிக்கு இப்பால் பேர்ணடெற்றின் கதிரையருகே நின்றாள். ஸ்பிரிட் மணமும் சூடேறிய பிளாஸ்ரிக் மணமும் கலந்து தொண்டையில் ஒட்ட, வளையத்துக்குள் இயந்திரம் சுழன்று சுழன்று இரைச்சலைக் கூட்ட, மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியில் கிருபனின் மூச்சுக் கேட்டது. அதன் பின்னால், அரை நொடி பிந்தி, இன்னொன்றும் கேட்டது.

“எதிரொலியோ?”

“அறைக்குள்ள அவர் மட்டும்தான் அக்கா.” பேர்ணடெற் மைக்கை அழுத்தினாள். “அண்ணை, மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ.”

கிருபனின் மூச்சு நின்றது.

மற்றது நிற்கவில்லை.

திரையில் படம் எழும்பியது. இன்றைய திகதி. இந்த நிமிடம். சிவப்பு. கோடு. கோட்டுக்குக் கீழே, வெள்ளைச் சுருள்.

பேர்ணடெற்றின் விரல்கள் விசைப்பலகையில் உறைந்தன.

“விடலாம் அண்ணை.”

நெஞ்சு அசையவில்லை.

“அண்ணை, மூச்சை விடலாம்.”

திரையில் இதயம் அடித்தது. ஒருமுறை. இன்னொருமுறை. கண்ணாடிக்கு அப்பால் கிருபனின் வாய் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது. கண் அவளையே பார்த்தது. ஒலிபெருக்கியில் மூச்சு. ஒன்றே ஒன்று. ஆறுதலாக. கிழட்டு மூச்சு.

துர்க்கா மைக்கைப் பிடுங்கினாள்.

“இஞ்சருங்கோ... மூச்சு விடுறது நீங்களோ?”